ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் புழு மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. கால்நடைத் துறையினர் ஊர் ஊராக வந்து இலவசமாக ஊசி போட்டுவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியம். வெள்ளைக்கழிச்சல் என்று நாங்கள் சொல்கிற அந்த நோய் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அந்த வாரத்துக்குள் பஞ்சாரமெல்லாம் காலியாகிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் முகாம் முடிந்த கையோடு எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "ஊசி போட்ட பொறவுதான் எங்கோழி கெறங்கி விழுந்திச்சு. அடுத்த வருசம் அவுக வந்தா கோழிய கண்ணுலயே காட்ட மாட்டேன்." இப்படிச் சொல்லி, முகாம் அன்று விடியுமுன்னே கோழியைத் திறந்து காட்டுக்குள் விரட்டிவிடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இந்தப் பழி ஊசிக்குச் சேர வேண்டியதா என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் முக்கூடலை ஒட்டிய கிராமத்துக்காரி. வீட்டில் பீடி சுற்றுகிறேன். மடியில் சொளகு, பக்கத்தில் ஈரச்சாக்கில் இலை, எதிரே முற்றத்தில் கோழி. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்குப் பகல் இப்படித்தான் கழியும். பீடிக்கூலி வந்த வழியே வீட்டுச் செலவுக்குப் போய்விடும். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும்தான் யாரும் கணக்குக் கேட்காத காசு. கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆயிரம் இரண்டாயிரம் கோழி அடைத்த கொட்டகையை நினைத்து எழுதுகிறார்கள். நான் எழுதுவது பத்துப் பதினைந்து கோழி வைத்திருக்கிறவர்களுக்காக.

ஊசிக்குப் பிறகு எங்கள் மதினி வீட்டு வெடைக்கோழி ஒன்று செத்தது. புதைக்கப் போனவளைத் தடுத்து, அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் கட்டியோடு கூடையில் வைத்து, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் கண்டக்டர் "கூடையில மீனு இருக்காக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோழி செத்தால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. அங்கே டாக்டர் குடலை நீளவாக்கில் கத்தரித்துத் திறந்தபோது உள்ளே தீவனத்துக்கு இடமே இல்லை. விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாய் உருளைப்புழு. அதற்குக் கீழே சுவரைக் கவ்வியபடி தட்டையாக நாடாப்புழு. குடல் முடிகிற இடத்தில் இரண்டு பை மாதிரி கிளை பிரிகிறதே, குருட்டுக்குடல், அதற்குள் ஒரு சென்டிமீட்டர் அளவில் பொடிப்புழுக்கள். கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றதையும் காட்டினார். "இது ஒரு நாளில் இப்படி ஆன உடம்பு இல்லம்மா, ரெண்டு மாசமா இளைச்சுக்கிட்டே வந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே மதினியிடம் சொன்னேன். கோழிக்கழிச்சலுக்கு ஊசியாகப் போடுகிற ஆர்.டி.வி.கே. என்ற தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, வீரியம் குறைத்தது. எட்டு வாரம் தாண்டிய, நல்ல உடம்புள்ள கோழிக்குத்தான் அதைப் போட வேண்டும். நல்ல உடம்பு இரண்டொரு நாள் சோர்ந்து நின்றுவிட்டு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். குடல் முழுக்கப் புழுவைச் சுமக்கும் கோழிக்கு அந்தச் சோர்வையே தாங்க முடியாது. தாங்கினாலும் ஊசியின் பலன் அரைகுறைதான். அதனால்தான் ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கச் சொல்கிறார்கள். இந்த ஒரு வரி எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. முகாம் நோட்டீஸில் நான் பார்த்தவரையில் அது இல்லை.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாப் புழுவும் ஒன்று என்று நினைத்துத்தான் நாம் காசை வீணாக்குகிறோம். உருளைப்புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. விழுந்த உடனே அது ஒன்றும் செய்யாது. நல்ல ஈரமும் சூடும் இருந்தால் பத்து முதல் இருபது நாளில் உள்ளே குஞ்சுப்புழு வளர்ந்துவிடும். அதன் பிறகு அந்த மண்ணைக் கிளறித் தின்கிற கோழியின் வயிற்றுக்குள் போய்ப் பொரித்து, கொஞ்ச நாள் குடல் சுவருக்குள் புதைந்து கிடந்து, பிறகு வெளியே வந்து பெரிதாகும். விழுங்கிய முட்டை முட்டையிடுகிற புழுவாக ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மருந்தின் கணக்கும் புரிந்துவிடும். கடையில் புழு மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் கையில் தருவது பைபரசின். அது குடலில் கிடக்கிற பெரிய புழுவை மயக்கி எச்சத்தோடு தள்ளும். சுவருக்குள் புதைந்திருக்கும் குஞ்சுப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவிடம் அதன் பாச்சா பலிக்காது. அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை கொடுத்தால்தான் கொடுத்ததற்கு அர்த்தம். ஒரு முறை கொடுத்துவிட்டு "மருந்து போலி" என்று பாட்டிலைக் குப்பையில் எறிகிறவர்கள் எங்கள் தெருவில் நிறைய.

நாடாப்புழு இன்னொரு வகை. எச்சத்தில் அரிசி நொய் போல வெள்ளைத் துணுக்குகள் நெளிந்தால் அதுதான். அது மண்ணிலிருந்து நேராக வருவதில்லை. எறும்பும் சாணி வண்டும் வீட்டு ஈயும் அதன் முட்டையைத் தின்ன, அந்த எறும்பையும் வண்டையும் கோழி தின்ன, அப்படிச் சுற்றி வருகிறது. ஆடு, மாடு, கோழி மூன்றும் ஒரே முற்றத்தில் கிடக்கிற எங்கள் வீடுகளில் எறும்புக்கும் ஈக்கும் வண்டுக்கும் என்ன குறை? பிரசிகுவான்டல் போன்ற மருந்து கொடுத்தால் புழு போகும். உரக்கிடங்கு கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் அடுத்த மாதமே திரும்பவும் வரும். உரக்கிடங்கைத் தள்ளி வெட்டுவதற்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டு ஆம்பளைகள் ஒரு நாள் மண்வெட்டி எடுத்தால் போதும். அதுதான் நடக்க மாட்டேன் என்கிறது.

குருட்டுக்குடலில் இருக்கும் பொடிப்புழுவால் கோழிக்குப் பெரிய தொந்தரவு இல்லை என்கிறார்கள். வான்கோழி வளர்க்கிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வருகிற ஒரு நுண்ணுயிர் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். இரண்டையும் ஒரே முற்றத்தில் மேயவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று வாரம் முதல் ஆறு வாரக் குஞ்சு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்று, ரத்தமாகக் கழிந்தால் அது புழு இல்லை. காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஈரமான கூட்டில் ஒன்றிரண்டு நாளிலேயே அதன் வித்து முற்றி அடுத்த குஞ்சைப் பிடித்துவிடும். இதற்குப் புழு மருந்து கொடுத்து உட்கார்ந்திருந்தால் குஞ்சு போய்விடும். ஆம்ப்ரோலியம் என்று வேறு மருந்து இருக்கிறது, அதை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கொடுக்கிற நாட்களில் 'சத்துக்கு' என்று வைட்டமின் பி1 சேர்ந்த டானிக்கைக் கலந்துவிடக் கூடாது. அந்த மருந்து வேலை செய்வதே ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமல் செய்துதான்.

இனி எங்கள் ஊர் வைத்தியம். பீடி ஊர் என்பதால் தூளுக்குப் பஞ்சமில்லை. கோழிக்குப் புழு என்றால், "ஒரு சிட்டிகை பொயிலத்தூள சோத்துல பெசஞ்சு போடு, அம்புட்டும் விழுந்துரும்" என்று பெரியாட்கள் சொல்வார்கள். இதை நான் கேலி செய்ய மாட்டேன். வெளிநாட்டுப் பண்ணைகளில்கூட ஒரு காலத்தில் புகையிலைத் தூளைத் தீவனத்தில் கலந்து உருளைப்புழுவை விரட்டியிருக்கிறார்கள். புகையிலையில் இருக்கிற நிகோட்டின் புழுவை முடக்கும். அதே நிகோட்டின் கோழியையும் முடக்கும் என்பதுதான் சங்கடம். புழு சாகிற அளவுக்கும் கோழி சாகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. ஒரு சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் மாறும், தூளின் காரம் சரக்குக்குச் சரக்கு மாறும். நல்ல மருந்து கிடைக்கிற காலத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். பேன் வராமலிருக்க அடைப்பெட்டியில் புகையிலைத் தண்டு போடுவது வேறு. அதைக் கோழி தின்பதில்லை.

இப்போது புதிதாக ஒன்று பழக்கத்துக்கு வந்திருக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே, அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கி, பாதி உடைத்து ஒரு கோழிக்குத் திணிக்கிறார்கள். மருந்து கோழிக்கும் ஆகிற மருந்துதான். ஆனால் அந்த மாத்திரை 400 மில்லிகிராம், மனுசப் பிள்ளைக்கு. ஒன்றரைக் கிலோ கோழிக்குப் பாதி மாத்திரை என்பது எந்தக் கணக்கு? எடை பார்த்து டாக்டர் சொல்கிற அளவு அதில் ரொம்பச் சின்னப் பங்கு. குழந்தைக்குக் கொடுத்த மாத்திரையை நைசாகத் தொழுவுக்குக் கொண்டுபோகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிள்ளை மாத்திரையைப் பிள்ளை விழுங்கட்டும்.

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, பாகற்காய், வாழைத்தண்டு எல்லாம் அரைத்துப் பனைவெல்லத்தில் உருட்டிக் கொடுக்கிற மூலிகை உருண்டையும் உண்டு. கோழி விரும்பித் தின்கிறது, கெடுதல் ஒன்றும் நான் பார்க்கவில்லை. கொண்டை சிவந்து திடமாக நிற்கிற கோழிக்கு அவ்வப்போது கொடுக்கலாம். கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, முட்டை நின்றுபோன கோழிக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பது என் எண்ணம். கீரை அரிகிற வீடுகள் முருங்கைக்கீரைக் காம்பையும் முற்றிய இலையையும் கோழிக்கு வீசினால் நல்லது; வைட்டமின் ஏ குறைந்த கோழியைத்தான் உருளைப்புழு அதிகம் வாட்டும்.

மருந்து கொடுக்கிற விதத்தில் இருக்கிறது முக்கியமான சிக்கல். பாட்டிலில் ஆயிரம் கோழிக்கு இத்தனை மில்லி, குடிதண்ணீரில் கலக்கவும் என்று அச்சடித்திருக்கும். கொட்டகைக் கோழிக்கு நாம் வைக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. எங்கள் கோழி அப்படியா? மருந்துத் தண்ணீரைச் சட்டியில் வைத்தால் ஒரு தரம் அலகை நனைத்துப் பார்த்துவிட்டு, மாட்டுத் தொட்டிக்கும் அடுக்களைச் சாக்கடைக்கும் போய்விடும். ஆகவே ஒவ்வொன்றாகத்தான் வாயில் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்த பிறகு பிடிப்பது எளிது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் டாக்டர் சொன்ன அளவை எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அண்ணாந்து பிடித்து மொத்தமாக ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் கூட்டிலேயே அடைத்து, விழுகிற எச்சத்தை வாரி எரித்துவிடுவது நல்லது. மயங்கி விழுந்த புழுவின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும். பாட்டில் சீட்டில் எத்தனை நாள் முட்டையும் கறியும் ஆகாது என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது. கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எப்போதாவது கோழிமுட்டையை உடைத்தால் உள்ளேயே ஒரு புழு கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி நடந்து, செய்வினை என்று பயந்து கோழியையே விற்கப் பார்த்தார்கள். குடல் வழியும் முட்டை வழியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. அங்கிருந்து புழு முட்டைப்பாதைக்குள் ஏறிவிடுகிறது. கோழியின் உருளைப்புழு மனிதர் வயிற்றில் குடியிருக்காது. அந்த முட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோழிக்கு மருந்து கொடுத்தால் போதும்.

ஒரு வீடு மட்டும் மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. கோழிக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது. என் முற்றத்தில் தின்று அடுத்த வீட்டில் எச்சம் போடும், அவர்கள் வீட்டுக் கோழி என் முற்றத்தில் கிளறும். தெருவே ஒரே நாளில் கொடுத்தால்தான் பலன். அதில் இடைஞ்சல் சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள். நேர்ந்துவிட்டது என்றால் யாரும் கைவைக்க மாட்டார்கள். அது தெருத்தெருவாய் ராஜா மாதிரி திரியும். வளர்ந்த கோழிக்கும் சேவலுக்கும் புழு இருந்தாலும் வெளியே தெரியாது, எச்சத்தில் மட்டும் முட்டையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அடிபடுவது மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகள். "சாமி சேவலுக்கு மருந்து ஊத்தலாமாக்கா?" என்று கேட்டார்கள். எங்கள் கோயிலில் ஆடுகிற பெரியவரிடம் நானே போய்க் கேட்டேன். "நோவில்லாத சேவலத்தான் சாமி கேப்பாரு, தாராளமா ஊத்து" என்றார். பிரச்சினை தீர்ந்தது.

தெரு முழுக்க ஒன்றாகக் கொடுப்பதற்குப் பாட்டில் அளவும் தோதாக வரும். பத்துக் கோழிக்காரி பெரிய பாட்டில் வாங்கினால் ஒரு மூடி ஊற்றிவிட்டு மீதியை ஜன்னலில் காயவைக்க வேண்டியதுதான். மகளிர் குழுவில் எல்லாரும் போட்டு ஒரு பாட்டில் வாங்கினோம், டாக்டரிடம் கோழி எண்ணிக்கையையும் எடையையும் சொல்லி அளவு எழுதி வாங்கினோம். தலைக்கு ஆன செலவு ஒரு கட்டுப் பீடி விலைக்கும் கீழே. இருந்தாலும் குழு இல்லாத தெருக்கள் இருக்கின்றன. அரசு மானியத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறார்கள். அந்தக் குஞ்சோடு பத்துக் கோழிக்கு ஆகிற சின்னப் பொட்டலமாகப் புழு மருந்தும் ஒன்று கொடுத்தால் என்ன? ஆட்டுக்கு ஆஸ்பத்திரியில் புழு மருந்து ஊற்றுகிறார்கள். கோழியைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிக்கிறார்கள்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது கூடுகளெல்லாம் போய்விட்டன. தப்பிய கோழிகள் பொங்கல் தாண்டியும் ஈரம் வற்றாத வண்டலில்தான் கிளறித் தின்றன. அந்த ஆண்டு குஞ்சுகள் தேறவே இல்லை. புழு முட்டைக்குப் பினாயில் ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஈரமில்லாமல் காய்ந்த மண்ணும் வெயிலும்தான் அதற்கு எமன். ஆகவே தண்ணீர்ச் சட்டியைக் குழாயடியில் வைக்காமல் கல்மேல் வைப்பது, கூட்டைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுவது, உமியை அடிக்கடி கிளறி வெயில் காட்டுவது, இதெல்லாம் மருந்தில் பாதி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு முறையும், முகாமுக்கு முன்னால் தை மாதத்தில் ஒரு முறையும் மருந்து கொடுப்பதை எங்கள் தெருவில் வழக்கமாக்கி இருக்கிறோம். இடையில் சந்தேகம் வந்தால் புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கக் கேட்கலாம். எந்தப் புழுவின் முட்டை என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் முகாம் தேதி முன்கூட்டித் தெரிய வேண்டும். உங்களிடம் கேட்க வேண்டியது அதுதான். முகாம் செய்தி பெரும்பாலும் தொடங்கி வைத்த படத்தோடு மறுநாள்தான் வருகிறது. ஒரு வாரம் முன்னால் மருந்து கொடுத்திருக்க வேண்டியவர்களுக்கு அந்தச் செய்தியால் என்ன லாபம்? துறையிடம் ஒன்றியவாரியாகத் தேதியைக் கேட்டு வாங்கி, குறைந்தது பத்து நாள் முன்னால் வெளியிடுங்கள். "ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்குங்கள், இளைத்த கோழியையும் எட்டு வாரத்துக்குக் கீழ்ப்பட்ட குஞ்சையும் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் ஊசி போடுங்கள்" என்று கூடவே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். எத்தனை மணிக்கு எந்தத் தெரு என்பதையும் கேட்டுப் போட முடிந்தால் இன்னும் நல்லது. காலை ஆறு மணிக்கு வந்தால் கூட்டிலிருந்து நாங்களே எடுத்துத் தருவோம். ஏழு மணிக்கு மேல் வந்தால் எங்கள் கோழிகளை எந்தத் துறையாலும் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.